உருவம் சான்று ஆகாது
(காட்டுக் காளான்கள் குறித்து நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காட்டுக் காளான். அதிலும் இளைஞர்கள் சிலர் தேடிப் போகிற போதைக் காளானும், பார்வைக்கு அதைப் போலவே இருந்து உயிரைக் குடிக்கிற நச்சுக் காளானும். இதையெல்லாம் பொது மேடையில் பேசலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நாம் பேசாமல் இருந்துவிட்டால் யாரும் தேடாமல் இருந்துவிடப் போவதில்லை. கொடைக்கானல் மலைக்கு இதற்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. கைபேசியில் ஒரு படமும் மழை விட்ட ஒரு காலைப்பொழுதும் இருந்தால் போதும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எந்த இடத்தில் ஆளைக் கவிழ்க்கிறது என்று விளக்கத்தான் வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காளானைப் பற்றிய அறிவு ஒரு மண்ணுக்கும், அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற மக்களுக்கும் உரியது. மண்ணையும் மக்களையும் விட்டுவிட்டு உருவத்தை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொண்டு வேறு காட்டுக்குள் போகிறவரை, அந்த அரைகுறை அறிவே கொன்றுவிடும். இதற்கு உலகின் பல பகுதிகளிலிருந்தும் சான்றுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

லண்டனில் ஒரு காலை

1799ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி. லண்டனில் கிரீன் பார்க் என்ற பூங்கா. ஒரு குடும்பத் தலைவர் அங்கே முளைத்திருந்த சிறு காளான்களைப் பறித்து வந்து, வீட்டில் காய்ச்சி, பிள்ளைகளோடு காலை உணவாகச் சாப்பிட்டார். சிறிது நேரத்தில் அவர் கண்ணில் கரும்புள்ளிகள் தோன்றின. விசித்திரமான ஒளிக்கீற்றுகள் மின்னின. உதவி தேடித் தெருவுக்கு வந்தவருக்குத் தாம் எங்கே போகிறோம் என்பதே மறந்துபோயிற்று. எட்டு வயது மகன் காரணமில்லாமல் சிரிக்கத் தொடங்கினான். பெற்றோர் மிரட்டியும் அவன் சிரிப்பு அடங்கவில்லை. எவரார்ட் பிராண்ட் என்ற மருத்துவர் வந்து பார்த்துச் சிகிச்சை செய்தார். பார்த்ததையெல்லாம் குறித்துவைத்து ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார். ஐரோப்பாவில் இவ்வகைக் காளானின் விளைவைத் தெளிவாகப் பதிவு செய்த முதல் குறிப்பு அதுதான்.

அந்தக் குடும்பம் போதையைத் தேடிப் போகவில்லை. வயிற்றுக்கு உணவு தேடித்தான் போனது. கிடைத்தது சிலோசைப் என்ற இனத்தைச் சேர்ந்த காளான் என்று பின்னாளில் அறிஞர்கள் கண்டார்கள். அன்று அவர்கள் உயிர் பிழைத்தது அறிவால் அன்று. அந்தக் காளானில் இருந்த பொருள் மனத்தை மயக்குகிற பொருளாக இருந்தது. கல்லீரலைத் தின்கிற பொருளாக இருக்கவில்லை. அவ்வளவே. அதே கூடையில் வேறொரு காளான் விழுந்திருந்தால் பிராண்ட் எழுதியது ஒரு சாவுக் குறிப்பாக இருந்திருக்கும்.

மலைநாட்டு மூதாட்டி

இனி மெக்சிகோவுக்கு வருவோம். தெற்கே ஓவஹாகா மாநிலத்தில் மலைமேல் ஹுவாட்லா டி ஹிமெனெஸ் என்று ஓர் ஊர். அங்கே வாழ்பவர்கள் மசாட்டெக் பழங்குடியினர். அவர்களில் மரியா சபினா என்ற பெண்மணி நோய் தீர்ப்பவராக இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நோயுற்றவருக்காக இரவில் விழித்திருந்து, காளானை உட்கொண்டு, பாடி, நோயின் காரணத்தைத் தேடுவது அவர் மரபு. அந்தக் காளான்களை அவர் புனிதக் குழந்தைகள் என்றே அழைத்தார்.

1955ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் நியூயார்க்கைச் சேர்ந்த வங்கி அதிகாரி கார்டன் வாசன் அங்கே போய், அந்த இரவுச் சடங்கில் கலந்துகொண்டார். 1957 மே மாதம் லைஃப் இதழில் அவர் கட்டுரை படங்களோடு வெளிவந்தது. மரியா சபினாவின் பெயரை மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் ஊர் தெரிந்துவிட்டது. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அந்த மலைக்கு ஏறினார்கள். மரியா சபினாவின் வீடு எரிக்கப்பட்டது. ஊரார் அவர்மீது வருத்தம் கொண்டார்கள். அந்நியர்கள் வருவதற்குமுன் காளானை யாரும் கடவுளைக் காண்பதற்காக உண்டதில்லை, நோய் தீர்க்கவே உண்டார்கள் என்று அவர் முதுமையில் சொன்னார். அவர்கள் வந்தபிறகு புனிதக் குழந்தைகளின் ஆற்றலே போய்விட்டது என்பது அவர் மனக்குறை. 1985இல் அவர் மறைந்தார்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். மசாட்டெக் மக்களிடம் இருந்தது காளானின் உருவம் மட்டுமன்று. எந்தச் சரிவில், எந்த மழைக்குப் பிறகு, எது வரும் என்ற அறிவு இருந்தது. யார் உண்ணலாம், எப்போது உண்ணலாம், அருகில் யார் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. பறிக்கும் கை பல்லாண்டு பழகிய கை. ஏறிவந்த கூட்டம் திரும்பும்போது இவற்றில் எதையும் கொண்டுபோகவில்லை. காளானின் படத்தையும் போதையின் கதையையும் மட்டுமே கொண்டுபோனது. அந்தக் கதை உலகம் முழுவதும் பரவியது. அறிவு ஹுவாட்லாவிலேயே நின்றுவிட்டது.

அளந்து கொடுக்கும் மருந்து வேறு

பின்னர் வாசனுடன் அங்கே சென்ற பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் அந்தக் காளான்களைப் பாரிஸில் வளர்த்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் அவற்றை ஆராய்ந்தார். விலங்குகளிடம் செய்த சோதனை தெளிவான விடை தரவில்லை. தாமே 32 உலர்ந்த காளான்களை, 2.4 கிராம் எடை, உட்கொண்டு பார்த்தார். 1958இல் அதன் உயிர்நாடியான பொருளைப் பிரித்தெடுத்து சிலோசைபின் என்று பெயரிட்டார். உடலுக்குள் அது சிலோசின் என்ற பொருளாக மாறி, மூளையில் செரோட்டோனின் ஏற்பிகளைத் தொடுகிறது. அதனால்தான் காட்சியும் காலமும் நான் என்ற உணர்வும் தடுமாறுகின்றன.

இன்று இந்தப் பொருளை மனநல மருத்துவர்கள் மீண்டும் ஆராய்கிறார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு தொடக்கம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதைத் தரலாம். இதைப் படித்துவிட்டு, மருந்துதானே, பறித்துச் சாப்பிட்டால் என்ன என்று வாதிடும் மாணவர்களை நான் சந்திக்கிறேன்.

அவர்களுக்கு என் பதில் இது. மருத்துவ ஆய்வில் பெரும்பாலும் கொடுப்பது ஆய்வுக்கூடத்தில் தயாரித்த தூய பொருள். இத்தனை மில்லிகிராம் என்று அளந்து, உறையில் அடைத்தது. உண்பவரை முன்கூட்டியே சோதிக்கிறார்கள். தமக்கோ நெருங்கிய குடும்பத்தாருக்கோ மனச்சிதைவு நோய் இருந்தால் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. பயிற்சி பெற்றவர்கள் முழு நேரமும் அருகில் இருக்கிறார்கள். காட்டுக் காளானிலோ ஒரே இடத்தில் முளைத்த இரண்டில் ஒன்றைவிட மற்றொன்றில் பல மடங்கு பொருள் இருக்கலாம். மருத்துவமனையில் நடப்பதற்கும் மலைச்சரிவில் நடப்பதற்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

ஆனால் இன்று என் பெரிய கவலை அளவு கூடுவதைப் பற்றியது அன்று. கூடையில் விழுவது சிலோசைப்தானா என்பதே என் கவலை.

பக்கத்தில் முளைக்கும் கொலைகாரன்

கேலரினா மார்ஜினேட்டா என்று ஒரு சிறு காளான் உண்டு. பழுப்பு நிறக் குடை, மெல்லிய காம்பு, காம்பில் சில நேரம் மெல்லிய வளையம். மக்கும் மரத்தில் வளரும். மரத்தூளும் மரச் சிராய்களும் கொட்டிய தோட்டப் பாத்திகளிலும் வரும். சில சிலோசைப் இனங்களும் அதே பாத்திகளில்தான் வளர்கின்றன. இரண்டும் ஒரே அடியில், காம்போடு காம்பு உரச முளைத்திருப்பதைக் காளானியல் அறிஞர்கள் பலமுறை கண்டு எச்சரித்திருக்கிறார்கள்.

1981 டிசம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள விட்பி தீவில், பதின்ம வயதினர் சிலர் போதைக் காளான் என்று நினைத்துக் கேலரினாவைத் தின்றார்கள். ஒரு சிறுமி இறந்துபோனாள். வட அமெரிக்காவின் காளான் நூல்கள் இந்த நிகழ்ச்சியை இன்றும் நினைவூட்டுகின்றன.

கேலரினாவில் இருப்பது அமடாக்சின் என்ற நச்சு வகை. அதன் தலையான பொருள் ஆல்ஃபா அமானிட்டின். இது உடலில் செய்யும் வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உயிர் காக்கும் செய்தி இதில்தான் இருக்கிறது.

நம் உயிரணுக்களில் மரபுக் குறிப்பைப் படித்துப் புரதம் செய்வதற்கான ஆணையை எழுதும் நொதி ஒன்று உண்டு. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்பது அதன் பெயர். அமானிட்டின் அந்த நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஆணை நின்றால் புரதம் இல்லை. புரதம் இல்லையென்றால் உயிரணு சாகிறது. ஓயாமல் புரதம் செய்யும் உறுப்பு கல்லீரல். ஆகவே முதலில் அடி வாங்குவதும் கல்லீரல்தான். நச்சு பித்தநீரோடு குடலுக்கு வந்து, குடலிலிருந்து மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து தாக்குகிறது.

இதன் காலக்கணக்கு மிகக் கொடியது. தின்ற பிறகு ஆறு மணி நேரம், சிலருக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தியும் நீர்போன்ற பேதியும் வயிற்று வலியும் வரும். ஒரு நாள் கழித்து அவை தணியும். நோயாளி எழுந்து உட்காருவார், கஞ்சி கேட்பார். வீட்டார் ஆபத்து நீங்கிவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். உண்மையில் அந்த நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் கண் மஞ்சளாகும். இரத்தம் உறையாது. நினைவு தப்பும்.

இப்போது போதைக் காளானின் காலக்கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலோசைபின் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு கைப்பிடியில் பத்துக் காளான் சிலோசைப், இரண்டு கேலரினா என்று கலந்திருந்தால் என்ன நடக்கும்? தின்றவருக்கு எதிர்பார்த்த மயக்கம் எதிர்பார்த்தபடியே வரும். சரியான காளானைத்தான் பறித்திருக்கிறோம் என்று உறுதி பெறுவார். மயக்கம் தெளிந்து, சிரித்துப் பேசிப் படுத்துவிடுவார். அதன் பிறகுதான் அந்த இரண்டு காளான்கள் தம் வேலையைக் காட்டத் தொடங்கும். மயக்கம் வந்ததே சான்று என்று நம்புகிறவர், தம் சாவுக்குத் தாமே நற்சான்று எழுதிக் கொடுக்கிறார்.

இன்னும் பொறுத்திருந்து தாக்குகிற காளான்களும் உண்டு. கார்ட்டினேரியஸ் இனத்தில் சிலவற்றில் ஒரெல்லனின் என்ற நச்சு இருக்கிறது. அது சிறுநீரகத்தைத் தாக்கும். அறிகுறி தோன்ற இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். 1952இல் போலந்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இதனால் பாதிக்கப்பட்டு 11 பேர் இறந்தபோது, என்றோ உண்ட காளானை யாரும் உடனே நினைக்கவில்லை. போதைக் காளான் என்று எண்ணி இதைத் தின்று சிறுநீரகம் இழந்தவர்கள் ஐரோப்பிய மருத்துவக் குறிப்புகளில் இருக்கிறார்கள். உணவுக் காளான் என்று எண்ணித் தின்றவர்களில் ஆங்கில நாவலாசிரியர் நிக்கலஸ் எவன்ஸ் ஒருவர். 2008இல் ஸ்காட்லாந்தில் அவரும் குடும்பத்தாரும் உண்டார்கள். மூன்று ஆண்டுகள் இரத்தச் சுத்திகரிப்பில் வாழ்ந்த அவருக்கு 2011இல் மகள் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். நாட்டுப்புறத்தில் வாழ்ந்த, படித்த, விவரம் தெரிந்த மனிதருக்கு நேர்ந்தது இது.

மண் மாறினால்

போதை தேடுகிறவர்கள் மட்டுமே ஏமாறுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். காளானை நன்றாக அறிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன கருத்துக்கு வலுவான சான்று அவர்கள்தான்.

நம் நாட்டில் வைக்கோல் காளான் பயிரிடுகிறோம். வைக்கோலில் முட்டை வடிவில் மொட்டாக எழும்பி, உறையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். கிழிந்த உறை அடியில் கிண்ணம்போல் தங்கிவிடும். தென்கிழக்கு ஆசியா முழுவதும் விரும்பி உண்ணும் உணவு அது. ஐரோப்பாவில் டெத் கேப் என்று ஒரு காளான் இருக்கிறது. அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அதுவும் முட்டை வடிவ மொட்டாக எழும்பும். அதன் அடியிலும் கிண்ணம் உண்டு. கேலரினாவில் உள்ள அதே நச்சு அதில் இருக்கிறது. உலகில் காளானால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு அதைச் சேரும். வளர்ந்த மனிதர் ஒருவரைக் கொல்ல ஒரு காளான் போதும்.

இந்த டெத் கேப் ஐரோப்பாவிலிருந்து மரக்கன்றுகளின் வேர்மண்ணோடு பயணம் செய்து கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிவிட்டது. அங்கே குடியேறிய ஆசிய மக்கள், ஊரில் பார்த்த வைக்கோல் காளான் இங்கேயும் கிடைக்கிறதே என்று மகிழ்ந்து பறித்து இறந்திருக்கிறார்கள். 2016 டிசம்பரில் வட கலிபோர்னியாவில் இரண்டே வாரத்தில் 14 பேர் இந்த நச்சுக்கு ஆளானார்கள். மூவருக்குக் கல்லீரல் மாற்ற வேண்டியிருந்தது. 2015இல் ஜெர்மனிக்கு வந்த சிரிய அகதிகள் பலர் இதே தவற்றைச் செய்தார்கள். ஹனோவர் மருத்துவக் கல்லூரி பல மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டிகள் வெளியிட்டது. 2021இல் ஆப்கானிஸ்தானிலிருந்து போலந்துக்கு அழைத்துவரப்பட்ட ஒரு குடும்பத்தில், வார்சா அருகே முகாமில் தங்கியிருந்தபோது, காளான் உண்ட இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள்.

இவர்களில் பலர் காளானை அறியாதவர்கள் அல்லர். தம் ஊரில் சரியாகப் பறித்தவர்கள். அவர்கள் ஊரில் அந்த உருவத்துக்கு உணவு என்று பொருள். புதிய ஊரில் அதே உருவத்துக்குச் சாவு என்று பொருள். சொந்த மண்ணிலேயே வறுமை துரத்தும்போதும் இது நடக்கிறது. 2022 ஏப்ரலில் அசாம் மாநிலத்தின் மேற்பகுதியில், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்த 13 பேர், காட்டுக் காளான் உண்டு சில நாட்களுக்குள் திப்ருகர் மருத்துவமனையில் இறந்தார்கள். வாழ்நாளெல்லாம் காளான் பறித்து உண்ட மக்களுக்கே இந்த நிலை என்றால், கைபேசிப் படத்தைப் பார்த்துப் பறிக்கிறவருக்கு என்ன உத்தரவாதம்?

வீட்டுச் சோதனைகள்

நச்சுக் காளானைக் கண்டுபிடிக்க நம்மிடையே சில வழிகள் வழங்குகின்றன. இன்றோடு அவற்றை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளிக் காசைப் போட்டுக் கொதிக்க வைத்தால் நஞ்சானது கறுக்கும் என்பார்கள். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அமானிட்டின் வெள்ளியை எதுவும் செய்யாது. பூண்டோ அரிசியோ நிறம் மாறும் என்பதும் அப்படியே. பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான் என்பார்கள். நத்தை டெத் கேப்பைத் தின்றுவிட்டு ஊர்ந்து போகும். அதன் உடல் வேறு, நம் உடல் வேறு. நன்றாக வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்பார்கள். வேகவைத்தாலும் காயவைத்தாலும் உறையவைத்தாலும் அமானிட்டின் அழியாது. கசந்தால் துப்பிவிடலாம் என்பார்கள். டெத் கேப் சுவையாகவே இருந்தது என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

போதைக் காளான் தேடுகிறவர்களிடையே புழங்கும் சோதனை வேறு. நசுக்கினால் நீலமாக மாறினால் சரியானது என்பது. சிலோசின் காற்றுப் பட்டு நீலமாவது உண்மைதான். ஆனால் வேறு காரணத்தால் நீலமாகும் பிற காளான்களும் உண்டு. மேலும் ஒரு காளான் நீலமானது அதன் பக்கத்தில் இருந்த காளானுக்குச் சாட்சி ஆகாது. காளானியல் அறிஞர் குடையைக் காகிதத்தில் கவிழ்த்து வித்துத்தூளின் நிறம் பார்க்கிறார், அடிமண்ணைத் தோண்டிப் பார்க்கிறார், நுண்ணோக்கியில் வித்தை அளக்கிறார். ஐயம் தீராவிட்டால் மரபணுவைப் படிக்கிறார். இத்தனையும் ஒவ்வொரு காளானுக்கும் தனித்தனியே செய்தாக வேண்டும். கைபேசிச் செயலியால் அடிமண்ணுக்குள் இருக்கும் கிண்ணத்தைப் பார்க்க முடியாது. கேலரினாவின் துருநிற வித்துத்தூளையும் அது பார்க்காது.

நம் மலைகள்

தமிழ்நாட்டில் மழைக்குப் பிறகு புற்றுக்காளான் பறிப்பது பழைய வழக்கம். கரையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பூசணம் அது. காம்பின் அடி நீண்டு புற்றுக்குள் இறங்கும். கிராமத்துப் பாட்டி அதைப் பறிக்கும்போது குடையை மட்டும் பார்ப்பதில்லை. எந்தப் புற்று, சென்ற ஆண்டு வந்த இடமா, எந்த மாதம் என்பதெல்லாம் அவர் மனத்தில் ஓடும். அவருக்குத் தெரிந்தது அந்த ஊரின் அந்தக் காளான். தெரியாததை அவர் தொடமாட்டார். அந்த மறுப்புதான் அவர் அறிவின் பெரிய பகுதி.

கொடைக்கானலில் இன்று நடக்கும் போதைக் காளான் தேடலில் இந்த அறிவுக்கு இடமில்லை. தேடுகிறவர் வெளியூர்க்காரர், மண் தெரியாது. விற்கிறவருக்குப் பணம் தெரியும், காளானியல் தெரியாது. நம் மலைகளின் காளான்களை முறையாக ஆராய்ந்தவர்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கே. நடராஜன் தென்னிந்தியக் குடைக்காளான்களை ஆய்ந்து பதிவு செய்தார். மெக்சிகோவின் காளானியல் அறிஞர் காஸ்டோன் குஸ்மான் தென்னிந்திய சிலோசைப் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார். அவர்களைப் போன்ற அறிஞர்களே ஒரு காளானைப் பெயரிடுவதற்கு முன் நுண்ணோக்கியின் முன்னால் நெடுநேரம் உட்காருகிறார்கள். சாலையோரத்தில் கைமாறும் காகிதப் பொட்டலத்துக்குள் எது இருக்கிறது என்று யார் சான்று தருவது?

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் சிலோசைபின் இருக்கிறது. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவில், காளானை ஒரு கலவையாகக் கருத முடியாது என்று கூறியது. பிடிபட்ட எடையைக் கணக்கிடும் முறை பற்றிய கருத்து அது. இனிப் பறிக்கலாம், வைத்திருக்கலாம் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

செய்ய வேண்டியவை

நிறைவாக, இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

யாராவது காட்டுக் காளான் உண்டு வாந்தி பேதி கண்டால், எத்தனை மணிக்கு உண்டார் என்பதை முதலில் கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அறிகுறி தொடங்கியிருந்தால் அது மிகப் பெரிய அபாயக் குறி. 108க்கு அழைத்து, கல்லீரல் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மீதமுள்ள காளானையும் சமைத்த உணவையும் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். அதே உணவை உண்ட எல்லாரையும், நலமாக இருப்பவர்களையும் சேர்த்து, அழைத்துச் செல்லுங்கள். பேதி நின்றுவிட்டது என்று பாதி வழியில் திரும்பாதீர்கள். வீட்டு வைத்தியமாக மோரோ உப்புநீரோ கொடுத்துக் காலம் கடத்தாதீர்கள். மருத்துவர்களிடம் நீரிழப்பைச் சரிசெய்யும் வழிகள் இருக்கின்றன. சிலிபினின், அசிட்டைல் சிஸ்டீன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. கடைசிப் படியாகக் கல்லீரல் மாற்று இருக்கிறது. நேரம் கடந்துவிட்டால் இவை எவையும் போதுமானவை ஆகா.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இளைஞர் ஒருவர் கல்லீரல் செயலிழந்து வந்தால், கடந்த ஒரு வாரத்தில் மலைக்குப் போனீர்களா, காளான் உண்டீர்களா என்று கேளுங்கள். அவர் தயங்காமல் சொல்லும் வகையில் தனியே அழைத்துக் கேளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை அஞ்சி மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவன் கல்லீரலை மேலும் அழிக்கிறது. நேர்ந்ததைச் சொன்னால் முதலில் மருத்துவமனை, கோபமெல்லாம் பிறகு என்று இன்றே வீட்டில் சொல்லி வையுங்கள். அந்த ஒரு வாக்கு ஓர் உயிரைக் காப்பாற்றும்.

இளைஞர்களே, காளானை நேசியுங்கள். படம் எடுங்கள், வரையுங்கள், அறிஞர்களோடு காட்டுக்குப் போய்ப் படியுங்கள். நம் மலைகளின் காளான்களில் இன்னும் பெயரிடப்படாதவை ஏராளம். அவற்றுக்கு உங்களைப் போன்றவர்கள் தேவை. தெரியாத காளானை மட்டும் வாயில் வைக்காதீர்கள். ஒருமுறை யாராவது வைத்துவிட்டால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.